பரணியில் கிடந்த இறைச்சி

வியாழக்கிழமை மாலை நாலு மணி பத்து நிமிஷம். நான் முதலில் பார்த்தது ஒரு ஈயை. என் இடுப்பு உயரத்துக்கு நின்ற ஒரு பரணியின், பெரிய ஜாடியின், வாயில், பாலாடைபோல் வெள்ளையாகச் சுருங்கிக் கிடந்த ஆடையின் மேல் அது நடந்துகொண்டிருந்தது. ஆடை அதன் எடையைத் தாங்கியது. நடுவில் ஓர் இடத்தில் அடியிலிருந்து ஒரு குமிழி எழும்பி, மெல்ல உப்பி, உடைந்தது. ஈ கொஞ்சம் ஒதுங்கி நின்றுவிட்டு மறுபடி நடந்தது.

அதன் பிறகுதான் வாடை வந்தது. புளித்த மாவு, நாள்பட்ட ஈரச் சாக்கு, கைக்குழந்தை கக்கிய பால், இந்த மூன்றும் சேர்ந்த வாடை. தொண்டையின் பின்பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது, ஐப்பசி மாதம். நாகர்கோவிலில் நாலு பக்க வாரப் பத்திரிகை ஒன்றில் நான் செய்தி எழுதுபவன், பிழை திருத்துபவன், ஆள் வராத நாட்களில் அச்சுக்கு மை தேய்ப்பவன். திற்பரப்பு அருவிக்குக் கீழே ஆற்றங்கரையில் இருந்த ஒரு கிறிஸ்தவ சபையில் அறுப்பின் பண்டிகை. அதைப் பற்றி அரைப் பக்கம் எழுதிவரச் சொல்லி ஆசிரியர் அனுப்பியிருந்தார். புதன்கிழமை பத்திரிகை அச்சேறிவிடும் என்பதால் மறுநாளே கிளம்பினேன். குலசேகரம் வரை பஸ். அப்புறம் நடை.

தோளில் ஒரு நேரியல் போட்டிருந்தேன். அதைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். கிளம்பும்போதே அந்தத் துணி சுத்தமாக இல்லை. ஒரு முனையில் அச்சகத்தில் விரல் துடைத்த மைக்கறை. அன்று எனக்கு மூக்குப்பொடி போடும் பழக்கம் இருந்தது, மறுமுனை அதற்கு. பஸ்ஸின் தூசியும் நடையின் வியர்வையும் மீதி இடத்தை எடுத்துக்கொண்டன.

என்னை எதிர்கொண்டவர் அந்தச் சபையின் உபதேசியார், போதகர் இல்லாத நாட்களில் ஆராதனை நடத்துகிறவர். கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டை, எண்ணெய் வழிய வாரிய தலை. பண்டிகைக்கான ஏற்பாடுகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தவர், கோயிலுக்குப் பின்னால் ஓலை வேய்ந்த குசினிக்கு, சமையல் கொட்டகைக்கு, என்னைக் கூட்டிவந்தபோதுதான் அந்தப் பரணி கண்ணில் பட்டது.

"இது என்ன?"

அவர் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "கஞ்சிவெள்ளம். சமையலுக்கு வந்திருக்க பொம்பிள கொண்டு வச்சது."

"மாட்டுக்கா?"

மூலையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்த கோயில்பிள்ளை சிரித்தார். கோயிலில் மணியடித்து, விளக்கேற்றி, பெருக்குகிறவர். வாயை அடக்கத் தெரியாதவர். "மாட்டுக்கு இல்ல சாரே, நமக்குத்தான். ஆட்டெறச்சிய இதுக்குள்ளதான் முக்கி வைக்கப் போறாளாம்."

"இதிலா?" என்றேன். வெளியே போய்க் குனிந்து நின்றேன். குலசேகரத்தில் குடித்த காப்பி வந்தது.

நான் வாயைக் கொப்பளித்து நிமிர்ந்தபோது உபதேசியாரின் நிறம் மாறியிருந்தது. "சார், இத பேப்பர்ல போட்டுராதீங்க," என்றார். போட மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்த மௌனம்தான் காரணம்.

விஷயம் இதுதான். பண்டிகையின் முக்கியமான பங்கு அசனம். சபையார் எல்லாரும், ஆற்றின் அக்கரையில் இருக்கும் சின்னச் சபையாரும் சேர்ந்து, ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நேர்ச்சையாக விட்ட ஆடுகளை அறுப்பார்கள். அசனம் திங்கட்கிழமை. ஆனால் ஞாயிறு ஓய்வுநாள். அந்த ஊரில் அதைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆடு அறுக்கக்கூடாது, இறைச்சி வெட்டக்கூடாது, அடுப்பு மூட்டக்கூடாது. வீடுகளில் சனிக்கிழமை வடித்த சோறுதான். திங்கட்கிழமை விடிந்து அறுத்தால் அத்தனை பேருக்கு மத்தியானத்துக்குள் ஆகாது. ஆகவே சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஆடுகளை அறுத்து, உப்பும் மஞ்சளும் தடவி மூடிவைப்பார்கள். ஒரு முழுநாள் புழுக்கத்தில் அது தீயைக் காணாமல் கிடக்கும். திங்கட்கிழமை அதை எடுத்துக் குழம்பு வைப்பார்கள்.

முந்தின வருஷம் இறைச்சி நாறிவிட்டது. மல்லியும் மிளகும் அள்ளிப் போட்டு மறைத்துப் பரிமாறியிருக்கிறார்கள். "பந்தில இருந்தவனெல்லாம் சாயங்காலம் ஆத்தங்கரையில இருந்தான்," என்றார் கோயில்பிள்ளை. "பாட்டுக்குப் பதிலா வேற சத்தம்."

இந்த வருஷம் சமையலுக்கு வந்திருந்தவள் மலையடிவாரத்துப் பெண். வயது முப்பத்தைந்து இருக்கும். புருஷன் கொழும்புக்குப் போனவன். அவனிடமிருந்து கடிதம் வருவது நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. இரண்டு பெண்பிள்ளைகள். திங்கள் வரை இறைச்சியை நாறாமல் வைத்துத் தருகிறேன் என்று அவளாக வந்து சொல்லியிருக்கிறாள். அவளுக்கு வேண்டியது வேறு. நாகர்கோவிலில் மிஷனின் பெண்கள் போர்டிங்கில் சமையல் வேலை காலியாக இருந்தது. சமையல்காரியின் பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்கலாம். அந்த வேலைக்கு ஆள் எடுக்கும் வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா அசனத்துக்கு வருகிறார். அவர் சாப்பிட்டுப் பார்த்து முடிவு செய்வார் என்று உபதேசியார் சொல்லியிருந்தார். குழம்பு நன்றாக இருந்தால் பிள்ளைகள் பள்ளிக்கூடம். நாறினால் திரும்ப மலையடிவாரம்.

அந்த நேரத்தில் அவள் அங்கே இல்லை. இலை அறுக்கப் போயிருந்தாள்.

உபதேசியார் சபைப் பெண்கள் நாலு பேரைக் கூப்பிட்டார். வெந்நீர் போடச் சொன்னார். கோயில்பிள்ளையும் இன்னொரு ஆளும் பரணியைச் சாய்த்தார்கள். எனக்கு விலகி நிற்கத் தெரியவில்லை. பரணி கை நழுவி ஒருபக்கம் புரண்டது. அதன் வாயிலிருந்து எழும்பிய முதல் அலை என் இடது தோளில் விழுந்தது. ஆடையின் ஒரு துண்டு, உள்ளங்கை அகலம், வழவழவென்று, கழுத்தில் ஒட்டி நின்றது. அதை விரலால் எடுத்தபோது தோல்போல நீண்டு வந்தது. நேரியல் முழுக்க ஊறிவிட்டது.

மீதி தென்னையின் அடியில் ஓடியது. கோழிகள் வந்து கொத்தின. பெண்கள் பரணிக்குள் சாம்பலும் சோப்பும் போட்டு வைக்கோலால் தேய்த்தார்கள். கொதிக்கிற வெந்நீரை மூன்று முறை ஊற்றிக் கவிழ்த்தார்கள். உபதேசியார் உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "இனி எழுதிக்கிடுங்க," என்றார்.

ஐந்தரை மணிக்கு அவள் வந்தாள். தலையில் இருந்த இலைக்கட்டை இறக்காமலே கேட்டாள்: "எனக்க பரணிய என்ன செய்தீங்க?"

"கழுவியாச்சு, ஏட்டி," என்றார் கோயில்பிள்ளை. "இனி அதுல ஞானஸ்நானமே குடுக்கலாம். அம்புட்டு சுத்தம்."

அவள் இலைக்கட்டைப் போட்டுவிட்டுப் பரணிக்குள் கையை விட்டாள். கையை எடுத்து மோந்தாள். "வெந்நி ஊத்தினீரா?"

"மூணு தரம்."

"அப்பம் எல்லாம் செத்துது."

"என்னட்டி செத்துது?" என்றார் உபதேசியார்.

"உறை. எட்டு வருஷமா தினமும் கஞ்சிவெள்ளம் ஊத்தி, கொஞ்சம் எடுத்து, கொஞ்சம் ஊத்தி வச்சிருந்த உறை. எங்க பக்கத்துல பன்னி அடிச்சா எறச்சி அதுலதான் கெடக்கும். நாலு நாளானாலும் நாறாது."

கோயில்பிள்ளை விட்டுக்கொடுக்கவில்லை. "எனக்க வீட்ல பழஞ்சி கெடக்கு. நல்லா புளிச்சுப் போச்சு. ஒரு செம்பு கொண்டு வரட்டா?"

"அது சோத்தப் புளிக்க வைக்கும். எறச்சிய நாறாம வைக்காது. எல்லாப் புளிப்பும் ஒண்ணா?"

"எந்தப் புளிப்பும் வேண்டாம்," என்று உபதேசியார் முடித்தார். "வெந்நி, உப்பு, மஞ்சள். சுத்தமான பரணி. அதுல எறச்சி கெடாது. பேப்பர்காரங்க முன்னால நம்ம மானத்த வாங்காத." சொல்லிவிட்டு மாலை ஜெபத்துக்கு மணியடிக்கச் சொல்லிக் கோயில்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனார்.

அவள் தென்னையடிக்குப் போய்ப் பார்த்தாள். அங்கே ஈர மண்ணும் கோழிக் கால்தடமும்தான் இருந்தன. பிறகு தலையைத் தூக்கி மோப்பம் பிடித்தாள். என் பக்கம் திரும்பினாள். இரண்டு எட்டு வந்து என் தோளுக்குப் பக்கத்தில் மறுபடி மோந்தாள்.

"சாரே, அந்த நேரியல இங்க தாரும்."

துவைத்துத் தரப் போகிறாள் என்று நினைத்துக் கொடுத்தேன். அவள் குசினிக்குள் போய், மத்தியானம் வடித்த கஞ்சித் தண்ணீர் ஒரு மண்பானையில் ஆறியிருந்ததை இழுத்து, அதற்கு மேல் நேரியலைப் பிழிந்தாள். முதலில் வெள்ளையாக வடிந்தது. அப்புறம் பழுப்பாக. ஒருமுறை பிழிந்தது போதாது என்று துணியைக் கஞ்சித் தண்ணீருக்குள்ளேயே அமுக்கி, கசக்கி, மறுபடி பிழிந்தாள்.

"அது அழுக்கு," என்றேன்.

"அழுக்குன்னு தெரியுது."

"நான் மூக்குத் துடைக்கிற துணி."

"தொடச்சிக்கிடும். அதுக்குள்ள நம்மாளு கெடக்கு. அது போதும்." ஒரு கை உப்பைப் போட்டுக் கலக்கிப் பானையைத் தட்டால் மூடி அடுப்புக்குப் பின்னால், கதகதப்பான இடத்தில் தள்ளினாள். "உமக்கு இது புடிக்காட்டா போய்ச் சொல்லும். எனக்க ரெண்டு பிள்ளையளயும் நீரே கொண்டுபோய்ப் படிக்க வையும்."

நான் சொல்லவில்லை. ஒருமுறை பேசாமல் இருந்ததன் பலனைப் பார்த்தாகிவிட்டது. இரண்டாவது முறையும் பேசாமல் இருந்தேன். அன்று ராத்திரி உபதேசியார் வீட்டில் மீன் குழம்பு. என் கையிலிருந்து அந்த வாடை போகவில்லை. சாம்பல் போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தேன். ஒவ்வொரு கவளமும் வாயருகே வரும்போது முதலில் விரல் மணந்தது.

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஒன்பது ஆடுகளை அறுத்தார்கள். ஆறு மணிக்குள் உரித்து வெட்டி முடித்துவிட்டார்கள். உபதேசியார் பக்கத்திலேயே நின்றார். ஆறவைத்த வெந்நீரும் உப்பும் மஞ்சளும் இரண்டு பரணிகளில் ஊற்றப்பட்டன. ஒன்று மிஷன் பங்களாவிலிருந்து இரவல் வாங்கிய பெரிய வெள்ளைப் பரணி; மற்றது அவளுடையது. இறைச்சி சரிபாதி. வெள்ளைப் பரணியைக் களவு போகாமல் இருக்க வெஸ்ட்ரிக்குள், போதகர் அங்கி மாட்டும் சிறிய அறைக்குள், வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். வயிறு அகலமான அவள் பரணி அந்தக் கதவுக்குள் நுழையவில்லை. அது குசினியிலேயே இருந்தது.

அவர் போனதும் அவள் மண்பானையைத் திறந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். இரண்டே நாளில் மேலே மெல்லிய ஆடை கட்டியிருந்தது. அதே வாடை. ஆடையின் ஓரத்தில் ஒரு கரும்புள்ளி. பொடியா, மையா, என்னால் சொல்ல முடியவில்லை. பரணியிலிருந்து வெந்நீரில் முக்கால்வாசியை முகந்து வெளியே ஊற்றிவிட்டு, பானையை அப்படியே அதில் கவிழ்த்தாள். இறைச்சி மேலே வராமல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தாள். துணியால் வாயைக் கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. காலை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஆறு செங்கல் நிறத்தில் ஓடியது. அக்கரைக்குப் போகும் வள்ளத்தை மரத்தில் கட்டிவிட்டார்கள். ஊரில் ஒரு அடுப்பும் புகையவில்லை. திங்கட்கிழமை காலையிலும் தண்ணீர் இறங்கவில்லை. மிஸ்ஸியம்மா மத்தியானத்துக்கு முன்பே மாட்டுவண்டியில் வந்துவிட்டார். நாம் இக்கரையார் மட்டும் அசனத்தை நடத்திவிடலாம் என்று உபதேசியார் சொல்லிப் பார்த்தார். ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

"அக்கரை வராம இலை போடுததா?" என்றார் ஒரு பெரியவர். "அப்பம் அது அசனமா? நம்ம வீட்டுச் சாப்பாடுல்லா?"

"எறச்சி கெடக்குதே, மாமா."

"வெந்நில போட்ட எறச்சி கெடாதுன்னு நீருதான பறஞ்சீரு?"

திங்கட்கிழமை மாலை ஜெபத்தில் வெஸ்ட்ரிக்குப் பக்கத்து வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கினார்கள். மூடியிருந்த கண்கள் திறந்தன. ஒரு பெண் சேலைத் தலைப்பை மூக்கில் வைத்தாள். பாட்டின் இரண்டாம் அடியில் பாதிப் பேர் மூச்சை நிறுத்திவிட்டதால் பாட்டு மெலிந்தது. ஜெபம் முடிந்ததும் உபதேசியார், "எலி செத்துக் கெடக்கும்," என்றார்.

"பெரிய எலி," என்றார் கோயில்பிள்ளை.

செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. அக்கரையார் வள்ளத்தில் ஏறத் தொடங்கினார்கள். ஐந்தே முக்காலுக்கு உபதேசியார் வெஸ்ட்ரியைத் திறந்தார். மிஸ்ஸியம்மா, சமையல்காரி, கோயில்பிள்ளை, நான் ஆகியோர் நின்றோம். பரணியின் மேல் கட்டியிருந்த துணி உள்ளிருந்து உப்பி, பானை மூடிபோலக் குவிந்திருந்தது. அவர் கயிற்றை அவிழ்த்ததும் அது பெருமூச்சு விட்டதுபோல் அமுங்கியது.

அதை விவரிக்காமல் விட்டுவிடலாம். ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவது என் தொழில். தண்ணீர் சாம்பல் கலந்த பச்சையாக இருந்தது. மேலே சோப்பு நுரைபோல் நுரை. அதில் நீலமாகவும் ஊதாவாகவும் எண்ணெய் மினுக்கம். கோயில்பிள்ளை அகப்பையால் ஒரு துண்டைத் தூக்கினார். எலும்பு மட்டும் வந்தது. சதை கழன்று மெதுவாக, வழுக்கிக்கொண்டு, திரும்ப விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து வந்த வாடையை வாடை என்று சொல்ல முடியாது. அது நாக்கில் இனித்தது. அங்கியின் வெள்ளை மடிப்புகளில் அது ஏறியிருந்தது. அடுத்த ஞாயிறும் போதகர் அதைத்தான் மாட்டியிருப்பார். மிஸ்ஸியம்மா கைக்குட்டையை வாயில் அமுக்கிக்கொண்டு வெளியே போனார். உபதேசியார் அங்கேயே, சுவரைப் பார்த்தபடி, வாந்தியெடுத்தார். அந்த இறைச்சியைப் பலா மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார்கள். மறுநாள் நாய்கள் தோண்டின.

குசினிக்குப் போனோம். அவள் கட்டை அவிழ்த்தாள். துணியை எடுத்தாள்.

வெள்ளை ஆடை. புளித்த மாவு, ஈரச் சாக்கு, கைக்குழந்தை கக்கிய பால். வியாழக்கிழமை எதை மோந்து வாந்தியெடுத்தேனோ அதே வாடை, சற்றும் குறையாமல். நான் முன்னால் குனிந்து அதை மூச்சு நிறைய இழுத்தேன். வெஸ்ட்ரியிலிருந்து வந்த மூக்குக்கு அது போதுமான உபசாரம். அவள் கல்லைத் தூக்கி ஒரு துண்டை எடுத்தாள். நிறம் வெளுத்திருந்தது. சதை எலும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. விரலால் அமுக்கினாள், அமுங்கிய இடம் திரும்ப எழும்பியது. துண்டில் ஒரு நூல் ஒட்டியிருந்தது, கறுப்பு நூல், என் நேரியலின் மைபட்ட முனையிலிருந்து வந்தது. அதைக் கிள்ளி எடுத்துத் தன் சேலையில் துடைத்தாள்.

இதற்கு என்ன காரணம் என்று பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அப்போது நான் வேறொரு பத்திரிகையில் உதவி ஆசிரியன். விஞ்ஞானச் செய்திகளை மொழிபெயர்க்கும் வேலையும் என் தலையில் இருந்தது. புளிக்கவைக்கும் கிருமிகள் புளிப்பை மட்டும் உண்டாக்குவதில்லை; அவற்றில் சில, தம்மைச் சுற்றியுள்ள மற்றக் கிருமிகளைக் கொல்லும் ஒரு பொருளையும் சுரக்கின்றன. எல்லாக் கிருமியும் சுரப்பதில்லை, சுரப்பதெல்லாம் ஒரே பொருளும் இல்லை. சீமையில் பாலாடைக்கட்டியும் டப்பா உணவும் கெடாமல் இருக்க அதைப் பிரித்தெடுத்துச் சேர்க்கிறார்கள் என்று எழுதி அச்சுக்கு அனுப்பினேன். ‘கிருமி’ என்ற சொல்லை எழுதும் ஒவ்வொரு தடவையும் கழுத்தில் அந்த ஆடைத் துண்டு ஒட்டியது. மொழிபெயர்த்து முடித்தபின் எழுந்து போய்க் கை கழுவினேன்.

செவ்வாய் மத்தியானம் அசனம் நடந்தது. பாதி இறைச்சிதான் இருந்ததால் ஏத்தன் வாழைக்காயை வெட்டிப் போட்டு நிரவியிருந்தாள். இக்கரையும் அக்கரையும் கலந்து உட்கார்ந்தார்கள். எனக்கு எதிர்வரிசையில் மிஸ்ஸியம்மாவுக்கு முக்காலி. என் இலையில் ஏழு துண்டு விழுந்தது. பரிமாறுகிறவர்களுக்குப் பின்னால், பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். அவள் பார்வை மிஸ்ஸியம்மாவின் வாயில் இருந்தது. பிறகு என் வாய்க்கு வந்தது. குழம்பில் மிளகும் தேங்காயும் இருந்தன, அவற்றுக்கு அடியில் ஒரு புளிப்பு. அந்தப் புளிப்புக்கும் அடியில் பொடியின் காரம் இருப்பதாக எனக்குப் பட்டது. இருந்திருக்க முடியாது. பக்கத்தில் இருந்தவர் விரலை நக்கி, "கொள்ளாம்," என்றார். ஏழு துண்டையும் மென்று விழுங்கினேன். மோரை இரண்டு தரம் வாங்கிக் குடிக்கப் போய், அதுவும் புளித்தது என்பதை நினைத்து வைத்துவிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் மிஸ்ஸியம்மா ஒரு சிறிய நோட்டை எடுத்தார். அவருக்குத் தமிழ் நன்றாக வரும். எழுத்துத் தமிழ் பேசுவார். "மூன்று நாள் இந்த மாமிசம் எப்படிக் கெடாமல் இருந்தது?"

உபதேசியார் முந்திக்கொண்டார். "வெந்நீர், உப்பு, மஞ்சள், அம்மா. பரணியை நான் நின்று கழுவ வைத்தேன்."

"அப்படியானால் மற்றது ஏன் கெட்டது?"

அவர் இடுப்பில் இருந்த சாவியைத் தடவினார். "வெஸ்ட்ரியில காத்து கிடையாது அம்மா," என்று கோயில்பிள்ளை கைகொடுத்தார்.

மிஸ்ஸியம்மா சமையல்காரியின் பக்கம் திரும்பினார். "நீ சொல்."

அவள் என் வெறும் தோளைப் பார்த்தாள். அந்தப் பந்தலில் அறுபது எழுபது பேர் இன்னும் விரல் நக்கிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய பிள்ளைகள் இரண்டும் எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தன.

"பரணிய வெந்நி ஊத்திக் கழுவினது உள்ளது, அம்மா," என்றாள். "மூணு தரம். சாம்பல் போட்டு, சோப்புப் போட்டுத் தேச்சாங்க. இந்தப் பேப்பர்கார சாரும் பாத்தாரு."

மிஸ்ஸியம்மா என்னைப் பார்த்தார். "பார்த்தேன்," என்றேன்.

அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். வேலை அவளுக்கே என்று அங்கேயே சொன்னார். போர்டிங்கிலும் இறைச்சியை இதே சுத்தமான முறையில் வைக்க வேண்டும் என்றார். ஒரே ஒரு நிபந்தனை: வெளியிலிருந்து எந்தப் பாத்திரமும், அடைத்த பண்டமும் போர்டிங் வாசலைத் தாண்டி வரக்கூடாது. அந்தப் பழைய பரணியை இங்கேயே யாருக்காவது கொடுத்துவிட வேண்டும்.

"சரி அம்மா," என்றாள் அவள். பரணியைக் கோயில்பிள்ளை எடுத்துக்கொண்டார். மழைத் தண்ணீர் பிடிக்க.

என் நேரியலை நான் கேட்டேன். "தொவச்சுத் தாரேன்," என்றாள்.

வியாழக்கிழமை ஒரே பஸ்ஸில் திரும்பினோம். அவளும் பிள்ளைகளும் முன்னால், நான் பின்னால். பஸ் முழுக்க வெயில். அடுத்த புதன்கிழமை அச்சேறிய என் அரைப் பக்கத்தில் ஆராதனை, பாட்டு, வெள்ளம், அக்கரையாரின் வரவு, சுகாதார முறைப்படி தயாரான அசனம் ஆகிய எல்லாம் இருந்தன. நாகர்கோவிலில் இறங்கியதும் அவளுடைய தகரப் பெட்டியை நானே போர்டிங் வாசல் வரை தூக்கிக்கொண்டு போனேன். பெட்டி கனக்கவில்லை.

வாசலில் மேட்ரன் பெட்டியைத் திறந்து பார்த்தாள். இரண்டு சேலை. பிள்ளைகளின் பாவாடை மூன்று. ஒரு வேதப்புத்தகம். சீப்பு. அதற்கு அடியில், வாழையிலையில் சுருட்டிய ஒரு துணி. மேட்ரன் இலையை விலக்கி விரலால் தொட்டுவிட்டு, விரலை மோந்து, கையை உதறினாள்.

"இது என்ன, இப்படி ஈரமா, புளிச்சு நாறுது?"

"நேரியல்," என்றாள் அவள். "வர்ற வழியில மழையில நனஞ்சுபோச்சு."

மேட்ரன் பெட்டியை மூடி உள்ளே அனுப்பினாள். குலசேகரத்திலிருந்து நாகர்கோவில் வரை அன்று மழை பெய்யவில்லை.